லைக் எத்தனை என்று எண்ணாதீர்கள், ஆள் எத்தனை என்று எண்ணுங்கள்

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தொண்டூழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கூடிய ஒரு ஞாயிறு மாலைச் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களும் படித்துப் பயன்பெற வெளியிடுகிறோம்.)



இதைப் படிக்கும் நீங்கள் ஏதாவது ஒரு சிறிய அமைப்பில் இருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். கோயில் தொண்டூழியர் குழு, பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பு, உறுமி மேளக் குழு, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் குழு, தமிழ் வாசகர் வட்டம் என்று பெயர்கள் பல. நிலைமை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஐந்தாறு பேர், ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு வாட்ஸ்அப் குழு. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு பதிவு போடுகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் நான்கு லைக். அதில் இரண்டு நம் குழுவினருடையது. மூன்றாவது வீட்டுக்காரருடையது. நான்காவது நாமே போட்டது!

உடனே நமக்கு ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. "நம்ம ஆளுங்களுக்கு அக்கறை இல்லை, சினிமா என்றால் ஓடி வருவார்கள், உரிமை என்றால் ஒதுங்கிப் போவார்கள்" என்று பேசிவிட்டு அடுத்த மாதம் பக்கத்தை மூடிவிடுகிறோம். நம் மக்களுக்கு அக்கறை இருக்கிறது. அந்த அக்கறை லைக் வடிவத்தில் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். அது எந்த வடிவத்தில் வருகிறது, அதை எப்படி வரவேற்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்குப் போய் ஒரு கூட்டமா என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் வேலைச் சட்டத்தில் சம்பள பாக்கிக்குக் காலக்கெடு இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே புகார் செய்பவர், சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டவர், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். வேலையிடத்தில் அடிபட்டால், இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. ஏழாவது மாதம் ஒருவர் கசங்கிய சம்பளச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், அந்த ஆறு மாதத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்த வழக்கறிஞராலும் முடியாது. ஐந்தாவது மாதத்தில் நம் பதிவு ஒன்று அவர் கைப்பேசிக்குப் போயிருந்தால் கதையே வேறு. ஆகவே நம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்பது வெறும் பெருமைக் கணக்கு இல்லை. ஒரு குடும்பத்தின் ஊர்க் கடன் அடைவதும் அடையாததும் அதில் இருக்கிறது.

முரசு காட்டிய வழி

இந்தக் கலை நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிங்கப்பூரில் ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். திருவாரூரிலிருந்து வந்த கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசைத் தொடங்கினார். அன்று அவருக்கும் நம்மைப் போல ஆள் பலம் குறைவு, பண பலம் குறைவு. வாசகர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். அவர்களிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஏராளம். தெரிந்தவர் உரக்க வாசிக்க, தெரியாதவர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அது.

அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வாசகரை எழுத வைத்தார். 1950களில் முரசில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்காகவே ஒரு பகுதி வந்தது. பிள்ளைகள் எழுதினார்கள், தங்கள் பெயரை அச்சில் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் சிங்கப்பூர், மலேசியாவின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். மணிமன்றம் என்ற பெயரிலேயே மன்றங்கள் தோன்றின. செய்தித்தாளில் ஒரு பக்கம், ஊரில் ஓர் அமைப்பாக மாறியது.

இரண்டு, சிறியதாகக் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கு நூல்கள் வேண்டும் என்று "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். பணக்காரர் பத்துப் பேரிடம் போய்ப் பெரிய தொகை வாங்கி முடித்திருக்கலாம். அவர் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். ஒரு வெள்ளி கொடுத்த தொழிலாளிக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தில் தனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் வந்தது.

மூன்று, ஆர்வத்தைச் செயலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்த காலத்தில், தமிழர்கள் தயங்காமல் பதிந்து குடியுரிமை பெற வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். "விழித்தெழு" என்று மட்டும் எழுதி விட்டுவிடவில்லை. எழுந்த பிறகு எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

எழுத வைப்பது, சிறியதாகக் கேட்பது, செயலில் முடிப்பது. இன்று சமூக ஊடக வல்லுநர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதைத்தான்.

லைக் ஏன் விழுவதில்லை?

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று இயந்திரம், மற்றொன்று பயம்.

முதலில் இயந்திரம். உங்கள் பக்கத்தை 600 பேர் பின்தொடர்கிறார்கள் என்றால் 600 பேருக்கும் உங்கள் பதிவு தெரியும் என்று எண்ணாதீர்கள். மிகச் சிறிய பகுதியினருக்குத்தான் முதலில் காட்டப்படும். அவர்கள் நின்று படித்தால், கருத்து எழுதினால், நண்பருக்கு அனுப்பினால், அப்புறம்தான் மற்றவர்களுக்குப் போகும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் இதை வெளிப்படையாகவே அறிவித்தது: நண்பர்களும் குடும்பத்தினரும் பேசிக்கொள்வதற்கு முதலிடம், அமைப்புகளின் பக்கங்களுக்குப் பின்னிடம். அதற்கு முந்தின மாதம் இன்னொன்றும் சொன்னது. "தமிழன் என்றால் ஷேர் செய்" என்பது போல லைக்குக்கும் ஷேருக்கும் கையேந்தும் பதிவுகளைக் கீழே தள்ளிவிடுவோம் என்று. நம்மில் சிலர் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

ஆகவே சுவரொட்டி ஒட்டுவது போலப் பதிவு போட்டால் யாருக்கும் போய்ச் சேராது. பதில் வரும்படி ஒரு கேள்வி இருக்க வேண்டும். பதில் வந்தால் நாமும் பதில் எழுத வேண்டும்.

இரண்டாவது பயம். இதை எந்த வல்லுநரும் நமக்குச் சொல்லித் தரமாட்டார். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியரின் அனுமதி அவருடைய முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளி அதை ரத்து செய்யலாம். அப்படிப்பட்டவர், "சம்பளம் தராத முதலாளிமீது புகார் செய்வது எப்படி" என்ற பதிவுக்குத் தன் பெயரும் முகமும் தெரிய லைக் போடுவாரா? போடமாட்டார். ஆனால் படிப்பார். படம் பிடித்து, தங்குவிடுதியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு அனுப்புவார். நமக்கு அது தெரியாது.

நம் உள்ளூர்க் குடும்பங்களிலும் இதே கதைதான். "பையன் வேலைக்கு மனு போட்டிருக்கான், இப்ப எதுக்கு வம்பு?" என்று அம்மா சொல்வார். வாடகை வீடு தேடும்போது "இந்தியர்களுக்கு இல்லை" என்ற பதிலைக் கேட்ட தம்பதி, அதைப் பற்றி எழுதியதைப் படித்துக் கண்ணீர் விடுவார்கள், ஆனால் கருத்துப் பகுதியில் ஒரு சொல் எழுதமாட்டார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுபான்மையாக வாழும் ஒவ்வொருவரும் தினமும் போடும் கணக்கு இது.

பயத்தைப் புரிந்துகொண்டால் வழியும் தெரியும். 2020இல் இன்ஸ்டகிராமில் தொடங்கிய மைனாரிட்டி வாய்சஸ் என்ற பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினர் தாங்கள் சந்தித்த இனப் பாகுபாட்டை எழுதி அனுப்பினார்கள். பக்கம் அதை, எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்காமல் வெளியிட்டது. பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கை வந்ததும் மக்கள் பேசினார்கள். ஒருவர் எழுதியதைப் படித்து, "எனக்கும் இதே நடந்தது" என்று இன்னொருவர் எழுதினார். மாணவர் மணிமன்றத்தின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

ஆதலால் நம் கணக்கு நோட்டில் முதல் பத்தி லைக் எண்ணிக்கையாக இருக்கக் கூடாது. எத்தனை பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள் என்பதே முதல் பத்தி.

கோபம் நன்றாக விற்கும், எச்சரிக்கை

இனி, கூட்டம் சேர்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அது கோபம். 2017 முதல் ஃபேஸ்புக்கின் கணக்கில், கோப முகம் உள்ளிட்ட முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு இருந்தது என்று 2021இல் கசிந்த அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் காட்டின. பொய்யும் வெறுப்பும் அதனால் அதிகம் பரவுவதைக் கண்டு, 2020இல் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஆனாலும் கோபத்தோடு எழுதினால் கூட்டம் கூடும் என்பது இன்றும் உண்மைதான். அந்தக் கூட்டத்தால் நமக்கு என்ன நன்மை என்பதே கேள்வி.

நம் வீட்டு உதாரணத்தையே சொல்கிறேன். 2015 பிப்ரவரி 3, தைப்பூசம். சிராங்கூன் ரோட்டில் மேளம் வாசித்தது தொடர்பாகக் காவல்துறைக்கும் சிலருக்கும் கைகலப்பு ஏற்பட்டு மூவர் கைதானார்கள். நம் மக்கள் மனம் புண்பட்டிருந்தது. 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை. 1968 முதல் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறையும் இல்லை. இந்த மனக்குறைகள் உண்மையானவை.

அந்த நேரத்தில் தி ரியல் சிங்கப்பூர் என்ற இணையத்தளம் ஒரு செய்தி போட்டது. பிலிப்பினோ குடும்பம் ஒன்று மேளச் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்ததால்தான் அந்தச் சம்பவமே நடந்தது என்று. அது பொய். ஆனால் காட்டுத்தீ போலப் பரவியது. நமக்கும் அரசாங்க விதிக்கும் இடையே இருந்த ஒரு கேள்வி, ஒரே இரவில் நமக்கும் இன்னொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளுக்கும் இடையிலான சண்டையாக மாறியது. அந்தத் தளம் விளம்பரத்தில் நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சம்பாதித்தது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2015 மே மாதம் தளம் மூடப்பட்டது. நடத்திய இருவருக்கும் 2016இல் அன்றைய தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் பத்து மாதம், எட்டு மாதம் எனச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம் கோபத்தை விற்றுக் காசு பார்த்தவர்கள் அவர்கள். நமக்கு அதனால் ஓர் உறுமிகூடத் திரும்பி வரவில்லை.

சரி, எதனால் வந்தது? பக்தர்கள் மூவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015இல் அந்த மனு தள்ளுபடியானது. சட்டப்படி தோல்விதான். ஆனால் கேள்வி பொதுவெளியில் முறையாக, உண்மையாக வைக்கப்பட்டது. மக்கள் தங்கள் கருத்தை எழுதினார்கள், கையெழுத்திட்டார்கள், நேரில் சொன்னார்கள். இந்து அறக்கட்டளை வாரியம் கருத்துகளைக் கேட்டது. 2016 தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்த கதவு சற்றே திறந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் கிடைத்தது எதுவும் பொய்யால் கிடைக்கவில்லை.

கை வைப்பதற்கு முன் நான்கு சட்ட வார்த்தைகள்

வழக்கறிஞர் பேச வந்துவிட்டுச் சட்டம் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எல்லை தெரிந்தவர்தான் எல்லைக்குள் தைரியமாக நடக்க முடியும்.

முதலாவது, பொய்ச் செய்தி. 2019 அக்டோபரிலிருந்து பொஃப்மா சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுதியவர் மட்டுமல்ல, உண்மை என்று நம்பிப் பகிர்ந்தவருக்கும் திருத்த உத்தரவு வரலாம். "வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பது பதிலாகாது.

இரண்டாவது, இனமும் சமயமும். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உங்களுக்கு நடந்ததை நடந்தபடி, நல்லெண்ணத்தோடு சொல்வது வேறு. ஓர் இனத்தையே திட்டுவது வேறு. "அந்த வீட்டுக்காரர் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று எழுதுங்கள். "அந்த இனமே இப்படித்தான்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பிறர் நம்மைப் பற்றி அப்படி எழுதும்போது எப்படி வலிக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

மூன்றாவது, பெயர் போடுவது. ஒரு ஊழியர் சொன்னதை வைத்து முதலாளியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போட்டுத் திட்டினால், அவதூறு வழக்கு உங்கள் மீதும் வரலாம். அதைவிட முக்கியம், அந்த ஊழியரின் வழக்கே கெட்டுப் போகலாம். அதே போல, பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காகக் கூடுவதற்கு, ஒருவர் மட்டும் நின்றாலும்கூட, அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனை இருக்கிறது. ஆனால் அங்கும் குடிமக்களுக்கு இருக்கும் உரிமை வேலை அனுமதிச் சீட்டுக்காரருக்கு இல்லை. "தேக்காவில் கூடுவோம் வாரீர்" என்று விளையாட்டாக ஒரு பதிவு போட்டு, விவரம் தெரியாத ஓர் ஊழியரின் வேலைக்கு உலை வைத்துவிடாதீர்கள்.

நான்காவது, பிறர் விவரம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறிய அமைப்புகளுக்கும் உண்டு. அடையாள அட்டை எண்ணைத் தேவையில்லாமல் வாங்காதீர்கள். துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடாதீர்கள். உதவி வாங்கும் கையைப் படம் பிடிக்காதீர்கள். அரிசி மூட்டையோடு எடுத்த படத்தைத் தன் ஊரில் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று அவர் கூசி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். ஐந்து பேர், வாரம் இரண்டு மணி நேரம், செலவு பூஜ்யம். இதற்குள் முடிகிற ஆறு காரியங்கள்.

1. ஒரு பதிவு, ஒரு காரியம். "தொழிலாளர் உரிமை காப்போம்! ஒன்றுபடுவோம்! வெற்றி பெறுவோம்!" என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணே, வேலையை விட்டு எத்தனை மாசம் ஆச்சு? சம்பள பாக்கி இருந்தா ஆறு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும். எத்தனை மாசம் ஆச்சுன்னு மட்டும் இந்த எண்ணுக்கு ஒரு வாய்ஸ் அனுப்புங்க. உங்க பேர் வெளியே போகாது." படித்தவருக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை அரை நிமிடத்தில் செய்ய முடிகிறது, பயமும் இல்லை. பெரிய கோரிக்கைக்கும் இதே விதிதான். 2023 ஜூலையில் லாரி விபத்துகளில் ஊழியர்கள் காயமடைந்த பிறகு, பல அமைப்புகள் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தன: லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தக் கால அட்டவணை வேண்டும். அரசாங்கம் தடை விதிக்க ஒப்பவில்லை. ஆனாலும் கேட்டது என்ன என்பது கோப்பிக்கடைவரை எல்லாருக்கும் புரிந்தது.

2. எழுதுவதைவிடப் பேசுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் இருந்ததைவிட இது குறைவு. நம் பிள்ளைகள் பலர் தமிழைப் புரிந்துகொள்வார்கள், ஆனால் நீண்ட பத்தியைப் படிக்கத் திணறுவார்கள். கட்டுமானத் தளத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கும் பத்தி படிக்கத் தெம்பு இருக்காது. ஒரு நிமிடக் குரல் பதிவு இருவருக்கும் போய்ச் சேரும். கைப்பேசியிலேயே பதியலாம். சுருதி சேர வேண்டியதில்லை, உண்மை சேர்ந்தால் போதும். வீடியோ என்றால் கீழே இரண்டு வரி எழுத்தும் போடுங்கள். பேருந்தில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் பலர்.

3. அவர்கள் நேரத்துக்குப் போடுங்கள். நமக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இரவு பன்னிரண்டு மணி. ஊழியர் அதிகாலையில் லாரி ஏற வேண்டியவர், அந்நேரம் தூங்கிவிடுவார். இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கையில் சாயும் வேளையும், பலருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவும் நல்ல நேரம். எழுதி வைத்துவிட்டு, குறித்த நேரத்தில் தானே வெளியாகும்படி அமைக்கும் வசதி ஃபேஸ்புக் பக்கத்திலேயே இருக்கிறது.

4. வாசலைப் பாதுகாப்பாக வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழுவில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தால் போதும், ஊழியர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்குச் சேனல், கேள்விக்குத் தனிச் செய்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப் என்று நான்கு கடை திறந்து நான்கிலும் ஆள் இல்லாமல் இருப்பதைவிட, ஒரு கடையை ஒழுங்காக நடத்துங்கள்.

5. பதில் சொல்லுங்கள், முடிவையும் சொல்லுங்கள். செய்தி வந்த அன்றே ஒருவராவது பதில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் "விசாரித்து நாளை சொல்கிறேன்" என்று எழுதினாலே போதும், ஆனால் நாளை சொல்ல வேண்டும். வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்கள் கேட்டு மக்கள் செய்த எந்தக் காரியத்துக்கும் முடிவைச் சொல்லுங்கள். "போன மாதம் பள்ளிப் பைகள் கேட்டோம், இத்தனை வந்தன, இன்னாருக்குப் போய்ச் சேர்ந்தன, இன்னும் இத்தனை தேவை." தோல்வியென்றால் தோல்வி என்றே சொல்லுங்கள். தான் கொடுத்தது எங்கே போனது என்று தெரியாதவர் இரண்டாம் முறை கொடுக்கமாட்டார். நன்கொடைப் பணம் கேட்பதாக இருந்தால் மட்டும், அதற்கென்று அனுமதி விதிகள் இருக்கின்றன, முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

6. திரைக்கு வெளியே ஒரு நாற்காலி போடுங்கள். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2008இல் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. வேலையிழந்தும் அடிபட்டும் வழக்கு முடியக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு, இதே லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு. சாப்பிட வருபவரோடு தொண்டூழியர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அந்த அமைப்பு இணையத்தில் எழுதும் விஷயங்களுக்கு வலு அந்த மேசையிலிருந்து வருகிறது. ஊகத்தில் எழுதுவதும் கேட்டு எழுதுவதும் ஒன்றாகுமா? நம்மால் தினமும் சாப்பாடு போட முடியாது. மாதம் ஒரு ஞாயிறு, மளிகைக்கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு கடை ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டு, "என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்க முடியும். அங்கே கேட்ட கேள்விகளே அடுத்த மாதப் பதிவுகள். தலைப்புக்குப் பஞ்சமே வராது.

கணக்கு வைப்பதற்கு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். மூன்று பத்தி: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மறுபடியும் வந்தார்கள். மூன்றாம் பத்தியில் எண் கூடினால் அமைப்பு வளர்கிறது என்று பொருள். லைக் நான்காகவே இருந்தாலும் கவலை வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு ஒரு வேண்டுகோள்

அமைப்பு நடத்தாதவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது. நல்ல பதிவு கண்ணில் பட்டால் லைக்கோடு நிறுத்தாமல் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால், அது யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்து அந்த ஒருவருக்கு மட்டும் பெயர் சொல்லி அனுப்புங்கள். "முருகா, இது உனக்குத்தான், படிச்சுப் பார்" என்று அனுப்பும் ஒரு செய்தி, நூறு பேருக்குக் குருட்டாம்போக்கில் அனுப்புவதைவிட மேல். கோபமூட்டும் செய்தி வந்தால் ஓர் இரவு கையில் வைத்திருங்கள். மறுநாளும் அது உண்மையாக இருந்தால் அனுப்பலாம்.

வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை இருந்தால், மனிதவள அமைச்சின் அறிவிப்பு ஒன்றை எளிய தமிழில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டி கேட்டுவிட்டு "புரிகிறது" என்றால் ஊருக்கே புரியும். அந்தப் பிள்ளைக்குத் தமிழும் வளரும், ஊருக்கு உதவியும் ஆகும்.

நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். சிறியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய நிறுவனம் லட்சம் பேருக்குப் பேசும், ஒருவர் பெயரும் அதற்குத் தெரியாது. நம் பக்கத்தைப் பார்க்கும் 200 பேரில் பாதிப் பேரின் பெயர் நமக்குத் தெரியும். யார் வீட்டில் பிள்ளை தொடக்கநிலை ஆறில் படிக்கிறது, யாருக்கு முதுகில் அடிபட்டது, யாருக்குச் சம்பளம் வரவில்லை என்று தெரியும். எந்த இயந்திரத்துக்கும் இல்லாத பலம் இது. வரும் வாரமே ஒரு பதிவு, ஒரு கேள்வி, ஒரு குரல் என்று தொடங்குங்கள். யாராவது ஒருவர் ஐந்தாவது மாதத்திலேயே நம் கதவைத் தட்டட்டும்.